கிடங்கு மேல், கிடங்கு கீழ்

அண்ணாச்சி,

இன்று மில்லில் கம்ப்யூட்டர் அறையைத் திறந்ததும் சூடான தூசி வாசனை வந்தது. உங்கள் சட்டையிலும் இதே வாசனைதான் இருக்கும். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டப் படித்துவிட்டேன். இதை நானேதான் எழுதுகிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது.

எதைக் கழற்ற வேண்டும் என்று மதுரையிலிருந்து இன்ஜினியர் பொம்பளைப் பிள்ளை போனில் சொல்லும். நீங்கள் ஸ்டிக்கரை வாசிப்பீர்கள், நான் கேபிளைக் கழற்றுவேன். "ஏலே, எனக்குக் கண்ணு, உனக்குக் கை" என்பீர்கள்.

மேலொன்று கீழொன்றாக இரண்டு சுவிட்ச், கம்ப்யூட்டர் செய்திகளைப் பிரித்து அனுப்பும் பெட்டிகள். கிடங்கிலிருந்து ஆளுக்கொரு கேபிள். கிடங்குக்கு அவை ஒரே பெட்டி மாதிரிதான். மேலே வந்த செய்தி மேல் கேபிளில் போகும், கீழே வந்தது கீழ் கேபிளில் போகும். எல்லாருக்குமான செய்தி மட்டும் இரண்டு பெட்டியையும் இணைக்கும் நடுக்கேபிள் வழியாகப் பக்கத்துப் பெட்டிக்கும் போகும். அது கிடங்கில் இரண்டு தடவை விழாதா என்று உங்களிடம் கேட்டேன்.

"அண்ணன் தம்பி கல்யாணம் சொல்லப் போறாங்கன்னு வையி. அண்ணன் சொன்ன வீட்டுக்குத் தம்பி திரும்பப் போகமாட்டான். அண்ணனுக்குக் கால் முடியலைன்னாத்தான் அந்த வீட்டுக்குத் தம்பி போவான். அம்புட்டுதாம்ல."

இன்று அண்ணனுக்குக் கால் முடியவில்லை. கிடங்கின் மேல் கேபிள் செத்துவிட்டது. மேல் பெட்டிக்கு வந்த செய்தியும் நடுக்கேபிளில் இறங்கி, கீழ் கேபிளில்தான் போய்க்கொண்டிருந்தது. கிடங்கு வாசலில் நூல் ஏற்ற லாரிகள் வந்துகொண்டே இருந்தன. சுவரில் இரண்டு கேபிளும் அருகருகே, ஒரே நீலம். உயிருள்ளதைக் கழற்றினால் கிடங்கு நின்றுபோகும்.

"தாத்தா, வாசிக்க வருமா? ஆபீஸ்ல வேற யாரையாவது கூப்பிடட்டா?" என்று போனில் அந்தப் பிள்ளை கேட்டது.

"பொறு தாயி, வாசிக்கேன்."

ஸ்டிக்கரில் உங்கள் கையெழுத்து. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் இன்றுதான் அதை வாசிக்கிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது, அண்ணாச்சி. இதை வைத்துக்கொண்டா என்னிடம் அவ்வளவு கெத்து? விரல் வைத்துக் கூட்டினேன். கிடங்கு மேல். பக்கத்திலிருந்ததையும் கூட்டினேன். கிடங்கு கீழ். மறுபடியும் முதலிலிருந்து. பிறகு மேலைக் கழற்றினேன்.

போனில் பிள்ளை கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"கிடங்கு ஓடுது தாத்தா. புதுசை மாட்டுங்க."

புதுக் கேபிளுக்கு ஸ்டிக்கர் அச்சடித்து அனுப்புவதாகச் சொன்னது. வேண்டாம் தாயி என்று நானே எழுதி ஒட்டினேன். கீழ் கேபிளில் உங்கள் எழுத்து அப்படியே இருக்கிறது. செத்த கேபிளில் இருந்ததைக் கிழியாமல் உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இடைசெவல் பஸ்ஸில் அதை எடுத்து எடுத்து வாசித்தபடி வந்தேன். இறங்கும்போது விரல் வைக்காமலே வாசிக்க வந்துவிட்டது.