மகள் கேட்ட மன்னிப்பு

சனிக்கிழமை இரவு, ரெய்னர்ஸ் லேன்.

முழங்கால் நோவுக்குத் தண்ணீரில் நடக்கச் சொல்லிவிட்டார் டொக்டர். அதற்கு நீச்சலுடை வாங்க இன்று மகளோடு கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் பெண்ணிடம், "பேதிங் கொஸ்ட்யூம்" எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவளுக்கு விளங்கிவிட்டது. கையைக் காட்டக்கூடத் தொடங்கினாள். அதற்குள் மகள் முந்திக்கொண்டு, அம்மா ஸ்விம்சூட்டைத்தான் சொல்கிறா என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, அது அந்தக் காலத்துச் சொல். இப்ப ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து, அதே பெண்ணிடம் அதே சொல்லைச் சொல்லித்தான் கேட்டாள். மகள் அந்தக் கிழவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என் காதருகே, "சோ ஸ்வீட், அம்மா!" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடமாக இந்த நாட்டு முதியோர் இல்லத்தில் வேலை செய்து, இப்படிப்பட்ட கிழவிகளைக் குளிப்பாட்டி, அவர்களின் கதைகளைக் கேட்டுத்தானே நான் இங்கிலிஷ் பழகினேன்! அந்தச் சொல்லும் அவர்கள் தந்ததுதான்.

திரும்பி வரும்போது காரில் மகள், "ஏனம்மா கதைக்காமல் வாறியள்?" என்று கேட்டாள்.

"முழங்கால் நோகுது" என்றேன்.