எலுமிச்சம்பழம் நின்ற மட்டப்பா

ஆவுடையார்கோவில்
தாது வருஷம், கார்த்திகை 19

பினாங்கிலிருக்கும் சிரஞ்சீவி செல்லமுத்துவுக்கு உன் தகப்பன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் தாயார், தங்கை பிரகதாம்பாள், மாடு கன்று எல்லோரும் சுகம். வீட்டுக்குத்தான் கொஞ்சம் சுகமில்லாமல் இருந்தது. உன் உடம்பைப் பற்றி விவரமாக எழுது.

நீ அனுப்பிய பணத்தில் ஓட்டுக் கூரையைப் பிரித்து மொட்டைமாடித் தளமாக மட்டப்பா போட்டது உனக்குத் தெரியும். நடுவில் நடந்த ஒரு சங்கதியை எழுதாமல் விட்டேன். சேவுகன் கொத்தனார் காரை போட்டு முடித்த அன்று மேலே ஏறி நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தேன், அது மேற்கே உருண்டோடித் தண்ணீர்த் தூம்பு வழியாகக் கீழே விழுந்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம். மட்டப்பா என்றால் மட்டமாக இருக்க வேண்டாமா? மழைத் தண்ணீர் வடியச் சரிவாய் வாட்டம் வேண்டுமென்று அவர் படித்துப் படித்துச் சொன்னார், நான் கேட்கவில்லை, பழம் அசையாமல் நிற்கும்வரை மேற்கே காரையை ஏற்றிப் பூச வைத்தேன். அவரும் பூசிவிட்டுக் கரண்டியைக் கழுவிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். நான் நாலு பேரைக் கூட்டிவந்து பழம் நிற்கிற அழகைக் காட்டினேன். ஐப்பசியில் மழை வந்தது, தண்ணீரும் அதே மாதிரி அசையாமல் நின்றது. தவளைகள் குடிவந்தன. மேலே நாற்றுப் பாவலாமா என்று உன் தாயார் கேட்டாள்.

இந்த நேரம் பார்த்து அறந்தாங்கியிலிருந்து பிரகதாம்பாளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் வாயைத் திறந்தபோதெல்லாம் மண்டையில் ஒரு சொட்டு விழுந்தது. இடம் மாற்றி மாற்றி உட்கார வைத்ததில் கூடம் முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டார், கடைசியில் குடையை விரித்துக்கொண்டு பலகாரம் சாப்பிட்டார். போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள், பத்து நாளாகியும் வரவில்லை. நம் பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருக்கிறது, சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். என் வீம்பால் அவள் கல்யாணம் கெட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. நீ கடல் தாண்டிப் பாடுபட்டது கூரைமேல் குளமாய் நிற்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. நானே சேவுகன் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையதுதான் என்றேன். அவர் வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு, "நீங்க எலுமிச்சம்பழத்துக்கு வீடு கட்டச் சொன்னீங்க. நான் மழைக்குல்ல கட்டியிருந்தேன்" என்றார். மழை வெறித்ததும் வந்து, மேல்காரையைக் கொத்தி எடுத்து வாட்டம் விட்டுப் போட்டுக் கொடுத்தார். அந்த நாலு நாளும் உன் தாயார் என்னை ஏணிப் பக்கமே விடவில்லை.

நடந்ததை ஒளிக்காமல் அறந்தாங்கிக்கு எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது. தையில் முகூர்த்தம் வைக்கலாமாம், நகை நட்டு நம் இஷ்டமாம், நிபந்தனை ஒன்றே ஒன்றுதானாம். அவர்களும் இப்போது மட்டப்பா வீடு கட்டுகிறார்கள், தளம் போட்டு முடியும்வரை சம்பந்தி அந்தப் பக்கம் வரக்கூடாதாம். யோசிக்காமல் சம்மதித்து எழுதிவிட்டேன். பிரகதாம்பாள் நேற்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

லீவுக்கு இப்போதே சொல்லி வை, கடைசி நேரத்தில் முதலாளி கையை விரித்துவிடப் போகிறார். ஆத்மநாதசுவாமி துணையிருப்பார், நோய்நொடி இல்லாமல் நன்றாயிரு.

இப்படிக்கு,
உன் தகப்பன்
ஆத்மநாதன்