ஒரு கைப்பிடி திருநீற்றுப்பச்சை

தால்கா,
பிப்ரவரி 3

அன்புள்ளவளுக்கு,

ஞாயிறன்று நானே பொரோத்தோஸ் கிரனாதோஸ் கூட்டு சமைத்தேன். நீ விட்டுப்போன குறிப்பின்படியே பச்சை பீன்ஸ் கொட்டையை உரித்து வேகவைத்து, பறங்கிக்காயும் துருவிய மக்காச்சோளமும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிண்டினேன். கடைசியில் ‘திருநீற்றுப்பச்சை ஒரு கைப்பிடி’ என்று எழுதியிருந்தாய். என் கையால் அள்ளிப் போட்டேன்.

பக்கத்து வீட்டு ஹெர்மினியா ஒரு கரண்டி சுவைத்தாள். “என்ன வாத்தியாரே, இது கூட்டா, கஷாயமா? அவங்க கை சின்னது. நாப்பது வருஷம் பிடிச்சுக்கிட்டு நடந்தீங்களே, தெரியாதா?” என்றாள்.

நீ பெட்டியோடு வாசலில் நின்ற அன்றும் அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

சந்தையில் இம்மாதக் கடைசிவரை பச்சை பீன்ஸ் கிடைக்குமாம். உன் தங்கை ஊரிலிருந்து வெள்ளிக்கிழமைப் பேருந்து நாலு மணிக்கு வருகிறது; விசாரித்துவிட்டேன். ஜன்னல் தொட்டியில் மிச்சமிருக்கும் இலைகளை நான் பறிக்கவில்லை.

இப்படிக்கு,
அளவு தெரியாதவன்