நீஸ் கடற்கரையில் மணல் இல்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் ஓமான் நாட்டில் சோஹார் மண்ணில் அடங்கி மூன்று வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. இதைப் படித்துக் கோபப்பட நீங்கள் இல்லை என்பதுதான் இப்போது வருத்தம்.

மகன் குடும்பத்தோடு பிரான்ஸில் நீஸ் நகரத்துக்குப் போய்விட்டு நேற்றுத்தான் துபாய் திரும்பினேன். உங்கள் அரபி முதலாளி கோடைதோறும் தன் குடும்பத்தோடு சமையலுக்கு உங்களையும் கூட்டிப்போன அதே ஊர். பணக்காரர்கள் வெயில் காய வரும் ஊர். பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில் பேசிச் சிரித்தார்கள், மருமகள் படம் எடுத்தாள். நான் கடலுக்கு மேலே சாலையோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சண்டை போடக்கூட எனக்கு அங்கே ஆள் இல்லை.

துபாய் கராமாவில் நாம் சேர்ந்து தங்கியிருந்த ரூமில் ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? "அந்த ஊர் கடக்கரையில மணலே கிடையாது மச்சான். பூரா கல்லு. அலை திரும்பும்போது அண்டாவுல மொச்சக்கொட்ட களையுற மாதிரி சத்தம் கேக்கும்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் பழைய அட்லஸையும் பேப்பரையும் வைத்து நானே படித்துத் தேறியவன். பிறந்தது கீழக்கரை, பிழைப்பது துபாய். மணல் இல்லாத கடற்கரை என்று எனக்கே கதையா?

"அரபி ஒங்கள அடுப்படிய விட்டு வெளிய விட்டிருக்க மாட்டான். அதச் சொல்ல வெக்கப்பட்டு பொய் சொல்றீங்க மாப்புள," என்றேன். ரூமில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். நீங்கள் எழுந்து கையைக் கழுவினீர்கள். அடுத்த வாரமே சோஹாரில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டீர்கள்.

ஒரு பேச்சுக்காகவா ரூமை விட்டுப் போவது? அது உங்கள் தப்பு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். திருப்பி நாலு வார்த்தை ஏசியிருக்கலாமே.

நீஸில் இரண்டாம் நாள் காலை கடற்கரைக்குத் தனியாகப் படியிறங்கினேன். கண் மங்கலாகிவிட்டதால் எனக்குச் சத்தம்தான் முதலில் வந்தது. மொச்சைக்கொட்டை களையும் அதே சத்தம். பிறகுதான் கற்கள் தெரிந்தன, முட்டை முட்டையாக, சாம்பல் நிறத்தில், கரை நெடுக. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மகன் ஓடிவந்தான். "என்ன வாப்பா, விழுந்துட்டீங்களா?"

"இல்லடா. உன் மாமா பொய் சொல்லல."

"எந்த மாமா?" என்றான்.

அவனிடம் என்னத்தைச் சொல்ல? அன்று சிரித்த ஏழு பேரில் ஒருவர்கூட இப்போது துபாயில் இல்லை. உங்கள் மனைவி, என் தங்கை, உங்கள் மவுத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை போனில் பேசினாள். "பொய்யன்னு சொன்னீங்களே காக்கா, அவுகளுக்கு அது கடைசிவரைக்கும் ஆறல," என்று வைத்துவிட்டாள். மூத்தவன், அவளுக்கு அண்ணன், நானா முதலில் கூப்பிடுவது என்று நானும் இருந்துவிட்டேன்.

இனி இருக்க மாட்டேன். போனில் சொல்வதும் இல்லை, அது சுலபம். அடுத்த மாதம் கீழக்கரைக்கு, அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் கதவைத் திறக்காவிட்டால் தெருவில் நின்று சொல்வேன். உங்களை ஏழு பேர் முன்னால் பொய்யராக்கியவன், பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படிதான் சொல்ல வேண்டும்: நீங்கள் பார்த்தது உண்மை, நான் சொன்னதுதான் பொய்.

உங்கள் மனைவிக்குக் காக்கா,
உங்களுக்கு என்றும் மச்சான்.