ரூஜா எழுந்திருக்கவில்லை

ஸ்மோலியன்,
மே மாதக் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் கலினாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும்தான் வழக்கம்போல் மக்கர் பண்ணுகிறது. டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். "போதும்மா, பள்ளிக்கூடத்தை மூடினா மூடட்டும், நீ இங்க வந்துடு" என்று சொன்னாயே, அதற்குத்தான் இந்தப் பதில். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய்.

வெளிநாட்டுப் பள்ளி ஏதாவது நம் பால்பண்ணைப் பள்ளியோடு கைகோத்தால் மூடமாட்டோம் என்று மேலே, கல்வி அலுவலகத்தில், சொல்லிவிட்டார்கள், அதற்காகத்தான் பிள்ளைகளை இத்தாலியில் ஒரு பள்ளிக்குக் கூட்டிப்போனேன். போன நாளிலிருந்து அவர்கள் பாலாடைக்கட்டி செய்வதை வேடிக்கை பார்த்ததுதான் மிச்சம். கடைசி நாள் விருந்திலாவது நம் தயிரை வைத்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். காலையில் பாலைக் காய்ச்சி, வீட்டிலிருந்து கொண்டுபோன உறையை ஊற்றி, நாம் எப்போதும் செய்கிறபடி மண்சட்டியைக் கம்பளியில் சுற்றி, விடுதியில் என் மாணவி ரூஜாவின் கட்டிலில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். அந்த ஊரில் யார் தயிரைக் கட்டிலில் தூங்கவைக்கிறார்கள்? படுக்கையைத் தட்டிப்போட வந்த விடுதி அம்மாள், பாவம், பால் கெட்டுவிடுமே என்று ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். மதியம் திறந்தால் பால் பாலாகவே இருக்கிறது. தோமா என்கிற பையன் "கடையில வாங்கி வெச்சிடலாம் டீச்சர், யாருக்குத் தெரியப்போகுது" என்று சொல்லி என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ரூஜாவை உனக்குத் தெரியும், ரொட்டிக்கடை மிலேனாவின் மகள், வகுப்பில் வாயே திறக்காதவள். அவள்தான் பாலை மறுபடி வெதுவெதுப்பாக்கி, சட்டியைத் தன் கம்பளிக் கோட்டுக்குள் வைத்து அணைத்துக்கொண்டு "இனி யாரும் தொடக்கூடாது, ஆடினா உறையாது" என்று வழியனுப்பு விழா நடந்த மண்டபத்தில் போய் உட்கார்ந்தாள். இத்தாலிக்காரர்கள் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்துவார்களா, அன்றைக்கு அதுவே நமக்கு நல்லதாகப் போயிற்று. பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள், இவள் எழவில்லை. சான்றிதழுக்குப் பெயர் கூப்பிட்டார்கள், எழவில்லை. புகைப்படத்துக்கும் அசையவில்லை. அவர்கள் தலைமையாசிரியை ஓர்னெல்லா பக்கத்தில் வந்து "இந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா" என்று என்னைக் கேட்க, வேர்த்து ஒழுகிக்கொண்டே ரூஜா "எனக்கு ஒண்ணுமில்ல, இதுதான் இன்னும் உறையல" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

சாயங்காலம் விருந்து மேசையில், ஓர்னெல்லாவின் கண்ணெதிரே, சட்டியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தயிர் கொஞ்சம் நடுங்கியது, விழவில்லையடி! ஓர்னெல்லா இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு உறை கேட்டாள். "உறை வேணும்னா உங்க பிள்ளைங்கள எங்க பள்ளிக்கு அனுப்புங்க" என்றேன். சிரித்துக்கொண்டே "செப்டம்பர்ல எத்தனை பேருக்கு இடம் இருக்கு" என்று கேட்டுவிட்டாள்.

ஆனால் மேலே உள்ளவர்கள் இன்னும் பிடிகொடுத்துப் பேசவில்லை. நீ உடம்பைக் கவனித்துக்கொள், இரவு வேலைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ வேண்டும், கடவுள் துணை இருப்பார். நீ விட்டுப்போன பச்சைக் கோட்டை ரூஜாவுக்குக் கொடுத்துவிட்டேன், அவளுடையது பால் கறையோடு நாசமாகிவிட்டது. நாளைக் காலை அவளையும் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். பதில் சொல்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. எனக்கு டிக்கெட் போடாதே.

என்றும் உன் அம்மா,
வெஸ்கா