கோல் விழுந்தது எந்தப் பக்கம்?

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அவரைக் கேட்டால் அதுவும் சுகம்தான் என்பார். நீயும் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ சுகம் என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும் நிலையில் இப்போது நான் இல்லை, அது ஏன் என்று பின்னால் வருகிறது, பொறுமையாகப் படி. போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று சிரிக்காதே. போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், நீ பேச்சை மாற்றுவாய், நானும் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டுவிட்டுக் கேட்க வந்ததை விட்டுவிடுவேன். அதனால் பார்லரில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில், டிரையர் வைக்கிற மேஜையைக் காலி செய்து உட்கார்ந்திருக்கிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

வீட்டில் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. குளியலறைக் குழாயை அப்பா தானே சரி செய்கிறேன் என்று இறங்கினார், முன்பு சொட்டியது, இப்போது ஊற்றுகிறது. உன் அறையில் ஒன்றையும் நகர்த்தவில்லை, துணி காயப்போட மட்டும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொண்டேன், கொஞ்சம் என்றால் முக்கால்வாசி. அப்பாவின் பள்ளி வேன் இந்த மாதம் டீசலில் ஓடவில்லை, உன் புகழில்தான் ஓடியது. நீயும் கூடத் தங்கிப் படிக்கிற உன் சிநேகிதி நெட்டையும் காலேஜ் லீவில் அங்கிருந்து பக்கத்து நாட்டுக்குப் போய்க் கால்பந்துப் போட்டி பார்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்தே வேனில் டமாரம்தான். போட்டி முடிந்ததும் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு சிக்னலிலும் பிள்ளைகள் “அங்கிள், அந்தக் கோலைச் சொல்லுங்க” என்று கேட்பார்களாம், இவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சொல்வாராம். வேனில் இடது பக்க சீட்டெல்லாம் நம் பச்சைச் சட்டை அணி, வலது பக்கமெல்லாம் சிவப்புச் சட்டை அணி. கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் சின்னப் பெண்தான் கோலி. “என் பொண்ணு நேர்ல பார்த்தா, கண்ணால பார்த்தா” என்று முடிக்கும்போது அவர் குரலே மாறிவிடும். நானும் ஒரு நாள் அந்த வேனில் வந்தேன், கேட்டேன். கேட்டுக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் நீ அந்தக் கோலை நேரில் பார்க்கவில்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்துபோயிருந்தது.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ டிக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாய் அல்லவா, அப்பா அந்த மைதானத்தின் வரைபடத்தைப் போனில் தேடி எடுத்து உன் இருக்கை எங்கே என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். டிவியில் பார்த்தால் எங்களுக்கு நேர் எதிரே, மேல் வரிசை. போட்டி அன்று சாயங்காலம் அவர் பந்தைப் பார்க்கவே இல்லை, டிவியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எதிர்ப்பக்கக் கூட்டத்தில் உன்னைத் தேடிக்கொண்டிருந்தார், கொஞ்சம் நகருங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்தக் கோல் எங்களுக்கு வலது கைப்பக்கம் விழுந்தது. மறுநாள் நீ போனில் என்ன சொன்னாய்? வலது மூலையிலிருந்து பந்து வந்தது, ஒருத்தன் எம்பி முட்டினான், வலது பக்க வலைக்குள் போனது என்று சொன்னாய். கண்ணு, உன் அம்மா நாள் முழுக்க அடுத்தவர் தலையில் வேலை செய்கிறவள். கஸ்டமருக்குப் பின்னால் நிற்கும்வரை அவள் வலது என் வலது, நெற்றி முடி வெட்ட முன்னால் வந்து நின்றால் அவள் வலது என் இடது. அதை மறந்தால் என் பிழைப்பு நடக்காது. எங்களுக்கு எதிரே உட்கார்ந்தவளுக்கு அந்தக் கோல் இடது பக்கம்தான் விழுந்திருக்க வேண்டும். நீ சொன்னது டிவியில் பார்த்தவள் சொன்னது. அதோடு இன்னொன்று, நீ சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீட்டில் ஆணி அடித்தாலே காதைப் பொத்துகிறவள் நீ, அவ்வளவு பெரிய கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து காது அடைத்துவிட்டது அம்மா என்று புலம்பாமல் இருப்பாயா?

அன்றிலிருந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டீர்களோ, டிக்கெட்டைத் தொலைத்துவிட்டாயோ, உனக்கே உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதோ என்று என் மனது போகாத இடமில்லை. ஒரு பையனோடு ஊர் சுற்றினாயோ என்றுகூட நினைத்தேன், நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. உன்னைக் கேட்டால் நீ இன்னொரு கரடி விடுவாய், அதையும் நான் கண்டுபிடிக்க வேண்டும், எதற்கு இரட்டை வேலை என்று நெட்டைக்கே போன் போட்டேன். முடி கொட்டுகிறது என்றாயே, என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்று சும்மா தொடங்கினேன். “ஆன்ட்டி” என்றாள், உடனே விசும்பல்தான் வந்தது. அப்புறம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவள்மேல் கோபப்படாதே, அந்தப் பெண்ணுக்குப் பொய்யை இத்தனை நாள் வைத்துக்கொள்ளத் தெரிந்ததே ஆச்சரியம்.

காலையில் ரயிலிலேயே அவளுக்கு வயிறு வலித்ததாம், உன் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாளாம். மைதானத்து வாசலில் வரிசை நகர்ந்து உங்கள் முறை வரும் நேரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். நீ ஒரே ஒரு தடவை அந்த வாசலைத் திரும்பிப் பார்த்தாயாம், அப்புறம் பார்க்கவே இல்லையாம். அதை அவள் சொன்னபோது நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன், கேட்க முடியவில்லை. ஆம்புலன்சில் போனது, அப்பெண்டிக்ஸ், உடனே ஆபரேஷன் என்றது, எல்லாம் சொன்னாள். நீ ஆஸ்பத்திரிக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாயாமே, கோல் விழுந்ததை அங்கே சத்தத்தை அடக்கி வைத்திருந்த டிவியில் பார்த்தாயாமே. முகம் முழுக்கச் சிவப்பு வர்ணம் பூசிய ஒரு ஆள், குதித்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தவன், பக்கத்தில் உட்கார்ந்து உனக்குப் பாதி ரொட்டி கொடுத்தானாம். உன் அணி கோல் போட்டதும் தன் அணி தோற்கிறதே என்றுகூடப் பார்க்காமல் நல்ல கையால் உனக்குக் கை கொடுத்தானாம். அவன் யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும். நீ எங்களிடம் மறைத்தது எனக்கு வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன், வலித்தது. ஆனால் பொய்யைவிட, அந்த நாற்காலியில் நீ தனியாக உட்கார்ந்திருந்தாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நெட்டையின் அம்மாவான நம் டீச்சருக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்தி ஊருக்குக் கூட்டிவந்துவிடுவார் என்று அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள், எங்களுக்குச் சொன்னால் அங்கே போய்விடும் என்று நீ வாயை மூடிக்கொண்டாய். புரிகிறது. புரிந்ததால்தான் என் நிலைமை இன்னும் மோசம்.

டீச்சர் அவளை அனுப்பச் சம்மதித்தது எப்படி என்று உனக்குத் தெரியாது. தகப்பன் இல்லாத பெண், ஒரே பெண், அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவேன் என்று இதே பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து கண் கலங்கினார். நான்தான் கத்தரியும் கையுமாக நின்று, “என் பொண்ணு கூட இருக்கா, அவ பார்த்துப்பா டீச்சர்” என்றேன். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் பெயரில் நான் கொடுத்த வாக்கு அது. போன வாரம் அந்த டீச்சர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். “ரெண்டும் நல்லா சுத்திட்டு வந்திருக்குங்க, என் பொண்ணு போன் பண்ணினா படுத்துக்கிட்டேதான் பேசறா, அவ்வளவு அலுப்பாம்” என்று சிரித்தார். எனக்குக் கத்தரி தவறி வலது பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. அதைச் சரிக்கட்ட இடது பக்கம் வெட்டினேன், அது இன்னும் மேலே போனது, மறுபடியும் வலது. கடைசியில் முடி காதுக்கு வந்து நின்றது. கண்ணாடியில் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார் பெரிய மனதுக்காரி. போகும்போதே வரும் சனிக்கிழமை ஹேர் டை போட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். டை போட்டால் ஊற வேண்டும். அத்தனை நேரமும் கண்ணாடியில் அவர் முகமும் என் முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவர் மகளைப் பற்றித்தான் பேசுவார். நான் எந்தப் பக்கம் பார்ப்பேன் சொல்.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இனியும் அவரை அந்தக் கோலைச் சொல்லவிட்டு வேடிக்கை பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நீ பொய் சொன்னதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் “ஆஸ்பத்திரில அவ சாப்பிட்டாளா?” என்றார். பாதி ரொட்டி என்றேன். “யாரு, சிவப்புச் சட்டைக்காரனா குடுத்தான்?” என்று மறுபடி மறுபடி கேட்டார். அதுவரை அந்த அணியை அவர் திட்டிய திட்டு உனக்குத் தெரியும், இப்போது இறுதிப் போட்டிக்கு அவர்கள் வந்திருக்க வேண்டியவர்கள் என்கிறார். இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இன்று காலை வேனில் பிள்ளைகள் வழக்கம்போல் கோலைக் கேட்டார்களாம். இவர், “அதை எங்க பொண்ணு நேர்ல பார்க்கலடா, அவளுக்கு அதைவிடப் பெரிய வேலை வந்துடுச்சு” என்றாராம். என்ன வேலை அங்கிள் என்று மொத்த வேனும் கேட்டதும், “சிக்னல் விழுந்துடுச்சு” என்று வண்டியைக் கிளப்பிவிட்டாராம். இதை என்னிடம் பெருமையாகச் சொல்கிறார். அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பவரே நம் டீச்சர்தான் என்று மனிதருக்கு நினைவே இல்லை. நான் சொன்ன பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். பிள்ளைகள் வாயிலிருந்தோ என் முகத்திலிருந்தோ டீச்சர் தெரிந்துகொள்ளக் கூடாது. பெற்றவளுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. சொல்ல வேண்டியவள் நெட்டை, அவள் வாயாலேயே சொல்லட்டும். தையல் பிரித்தாயிற்று, நடக்கிறேன், சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லச் சொல், அப்புறம் ஆபரேஷனைச் சொல்லச் சொல். நீ பக்கத்திலேயே இரு. டீச்சர் அழுவார், திட்டுவார், உடனே கிளம்பி வா என்பார். அப்போது எதிர்த்துப் பேச வேண்டாம். அந்த போன் வைத்த அடுத்த நிமிடம் நான் பார்லரை அடைத்துவிட்டு அவர் வீட்டு வாசலில் நிற்பேன். ஊருக்குக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவர் மகளை நட்டாற்றில் விடாத பெண் ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் இருக்கிறது, முன்பு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், இப்போது பார்த்துவிட்டுச் சொல்வேன்.

மற்றபடி, அவளைக் கனமான எதையும் தூக்கவிடாதே. வயிறு வலிக்கச் சிரிக்க வைக்காதே, அது உனக்குக் கஷ்டம்தான். காரமில்லாமல் சமைத்துக் கொடு, உப்பாவது போடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, அவளுக்குச் செய்கிறேன் என்று நீ ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடாதே. அந்த இரண்டு டிக்கெட்டையும் தூக்கிப் போடாமல் கொண்டு வா, அப்பா வேனில் ஒட்ட வேண்டுமாம். கிழிபடாத டிக்கெட்டை எதற்கு என்றால், அதற்காகத்தான் என்கிறார். நான் இதை எழுதும்போது அவர் பக்கத்தில் இல்லை, இருந்திருந்தால் தன் ஆசி முதலில் வர வேண்டும் என்றிருப்பார், எடுத்துக்கொள். எந்த ஊரில் எந்த வாசலில் நின்றாலும் உனக்கும் ஒரு நல்ல துணை பக்கத்தில் இருக்கட்டும், நீ நன்றாக இரு, நிறைய இரு.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் நீ இவளுக்கு யார் என்று கேட்டபோது, அக்கா என்று சொன்னாயாம். அவள் தோளுக்கு இருந்துகொண்டு நீ அக்கா என்றதும் நர்ஸ் உங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாராம், நீ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லையாம். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்துவிட்டாளே என்று உன்னை நினைத்து நான் வருத்தப்படாத நாளில்லை. இனி அந்த வருத்தம் இல்லை. ஆனால் அக்காவுக்கு ஒரு அம்மா இருக்கிறாள், அவளும் ஒரு போன் தூரத்தில்தான் இருக்கிறாள், அதை மட்டும் அடுத்த தடவை மறக்காதே. நெட்டையிடமும் சொல்லிவிடு, நீ அக்கா ஆனபிறகு அவள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டால் நான் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். சனிக்கிழமைக்குள் அவள் பேசிவிட வேண்டும், மறக்காதே.

இப்படிக்கு,
உனக்கு அம்மா,
நெட்டைக்குப் பெரியம்மா