இரட்டைச் சுழிக்காரனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் அக்காவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ சுகமாக இருப்பதை உன் தலையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், இருந்தாலும் கடிதம் என்றால் கேட்க வேண்டுமே, அதனால் கேட்கிறேன், சுகமா? போனில் பேசலாம் என்றால் உன் அம்மா அதை என் கையில் கொடுப்பதற்குள் அவளுக்கு அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. நம் மாப்பிள்ளையின் சிநேகிதர் அந்தப் பக்கம் வருகிறாராம், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் முகம் காட்டியதும் அம்மா வழக்கம்போல சாப்பிட்டாயா என்று ஆரம்பித்தாள். முடி வெட்டுகிறவனுக்கு முதலில் தலைதானே கண்ணில் படும். வாராவாரம் போட்டிருந்த அந்தக் குல்லா இல்லை, முடி ஒட்ட வெட்டியிருந்தது. இவனுக்கு வேலை கிடைச்சாச்சு என்றேன். சும்மா இருங்க, அவனே இன்னும் ஒண்ணும் சொல்லலை என்று அம்மா என் வாயை அடைத்தாள். அதற்கப்புறம்தான் நீ லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள், விசாவையும் அவர்களே நீட்டித்துத் தருவார்கள் என்று சொன்னாய். அம்மா போனை மேஜையில் மல்லாக்கப் போட்டுவிட்டு முகத்தைத் துடைக்கப் போய்விட்டாள், அதனால்தான் கொஞ்ச நேரம் உனக்கு எங்கள் மின்விசிறி மட்டும் தெரிந்தது. நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

நீ வீட்டுக்குள்ளேயும் குல்லாவோடு உட்கார்ந்திருந்ததை அம்மா குளிர் என்று நம்பினாள். நான் நம்பவில்லை. காதோரம் பிதுங்கிக்கொண்டு வந்த முடி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்தது. முடி வெட்டக்கூடக் கையில் காசில்லையோ, விசா முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பானோ என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு கிடப்பேன். கடையில் வந்து உட்காருகிறவர்களுக்கு வேறு, பையனுக்கு வேலை கிடைச்சுதா என்பதைத் தவிர உலகத்தில் கேள்வியே இல்லை. சில நாட்களில் பாதிக் கேள்வியிலேயே வாயைச் சுற்றி நுரையைத் தடவிவிடுவேன். நம் பேங்க்காரர் ஒருநாள், நான் முடி வெட்டத்தானே வந்தேன் என்று நுரைக்குள்ளிருந்தே கேட்டார். இப்போது யாரும் கேட்காமலேயே நானாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சிலர் அவசரமாக எழுந்து போகிறார்கள்.

மறுநாள் அம்மா மெதுவாக ஒன்று சொன்னாள். மெஷின் அறையில் தொங்குகிற முடியோடு நிற்கக் கூடாது, திங்கட்கிழமை வெட்டிக்கொண்டு வந்தால்தான் வேலை என்று உங்கள் மேஸ்திரி சொன்னாராமே. அப்படியும் நீ அங்கே முடி வெட்டும் கடை வாசல் வரை போய்ப் போய்த் திரும்பி, அப்பா கோச்சுக்குவாரா என்று அம்மாவிடம் கேட்டாயாமே. அட பைத்தியக்காரா. உன் தலையில் என் கத்தரியைத் தவிர வேறு பட்டதில்லை, வாஸ்தவம். நீ கிளம்பும் அன்று கழுத்திலிருந்த துணியை உதறிக்கொண்டே, வேற எவன் கையிலயும் தலையைக் கொடுத்துடாதே என்று சொன்னதும் நான்தான். அது வாய்க்கு வந்த பேச்சு, அதற்காகத் தேடி வந்த வேலையைத் தெருவில் நிறுத்தி வைப்பார்களா? எனக்குக் கோபம் இல்லை. சுருக்கென்று இருந்தது, இல்லை என்றால் பொய். அப்புறம், முன்பின் தெரியாத ஒருவர் என் பிள்ளையின் பின்கழுத்தில் கத்தி வைத்து ஒரு கீறல் இல்லாமல் அனுப்பியிருக்கிறாரே என்று நினைத்தேன், நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. நிம்மதியாகத் தூங்கினேன், குறட்டை தாங்கவில்லை என்று அம்மா அக்காவிடம் புகார் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் தொழில் வேறு, பாசம் வேறு. இடது கிருதா ஏறியிருக்கிறது. உச்சியில் முடி முறைத்துக்கொண்டு நிற்கிறது. அவர்மேல் தப்பில்லை, உனக்கு இரட்டைச் சுழி என்று அவருக்கு யார் சொன்னது? ரெண்டு சுழி, ரெண்டு கல்யாணம் என்று அக்கா இப்போதும் கேலி பேசுகிறாள், நீ முதலில் ஒன்றுக்கு வழியைப் பார். அடுத்த முறை அவருக்கு விரல் வைத்துக் காட்டு. இரண்டு சுழிக்கும் நடுவே மெஷின் வேண்டாம், கத்தரிதான், அதுவும் முடி போகிற போக்கிலேயே. வலது காதுக்குப் பின்னால் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு இருக்கிறது, அந்த இடத்தில் பூப்போலத் தொடச் சொல். கழுத்தில் ஈரக் கை பட்டால் நீ துள்ளுவாய், அதையும் சொல்லி வை, பாவம், கையில் கத்தி இருக்கும்.

பெல்ட் மாட்டாமல் லிஃப்ட் குழிக்குள் எட்டிக்கூடப் பார்க்காதே. ஹெல்மெட்டை யாருக்கும் கடன் கொடுக்காதே, பொடுகு வரும். ஜன்னல் உள்ள அறைக்கு மாறப் போகிறாயாமே, போனதும் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்கு, இனிமேல் அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கட்டும். மேஸ்திரிக்கு எங்கள் வணக்கத்தைச் சொல். நோய் நொடி இல்லாமல், கை கால் சுகத்தோடு, நாலு பேர் மெச்ச நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. லீவில் வரும்போது அப்பாவுக்காக என்று முடியை வளர்த்துக்கொண்டு வராதே, அங்கே உனக்கு முடி வெட்டியவரிடமே வெட்டிக்கொண்டு வா. வந்து நம் கடை நாற்காலியில் சும்மா உட்கார். அவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று உன் தலையைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா